ஒரு படத்துக்கு மூன்று ஊர்

‘முடியாது’ என்று சொல்லக் கற்றுக்கொடுப்பது என் தொழில். சிரிக்காதீர்கள், கோயம்புத்தூரில் இதற்கு நல்ல கிராக்கி இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் மேலாளர் எதைக் கேட்டாலும் “ஆகட்டுங்க” என்று தலையாட்டிவிட்டு, சனி ஞாயிறு முழுக்க ஆபீசில் உட்கார்ந்து புலம்புகிறவர்கள். அவர்களை ஒரு நாள் முழுக்க ஒரு அறையில் உட்காரவைத்து, முதல் தடவையிலேயே, காரணம் அடுக்காமல், மன்னிப்புக் கேட்காமல் மறுப்பது எப்படி என்று பாடம் நடத்துவேன். நாற்பது ஸ்லைடு. நடுவில் டீயும் போண்டாவும் உண்டு.

அந்த நாற்பதில் ஒன்றைக்கூட நான் வாழ்க்கையில் செய்து பார்த்ததில்லை. இந்த உண்மை எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் நல்ல மனுஷன், வெளியே சொல்லமாட்டார்.

பீளமேட்டில் ஒரு மெஷின் பார்ட்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் எச்.ஆர். வேலை பார்த்தேன். அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. எட்டு மாதமும் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் வீடுகளில் எனக்குக் கிடைத்த பட்டம் ‘ஊட்ல சும்மா இருக்கறவ’. கல்லூரிகளில் வகுப்பு எடுக்கிறேன் என்று சொன்னால், “பொழுது போகோணுமல்ல” என்று ஆறுதல் சொல்வார்கள். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் சிரித்துக்கொண்டே, “ஆமாங்க, பொழுது போகோணுமல்லங்க” என்பேன்.

இந்த நிலையில் சென்னையிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனம் கூப்பிட்டது. அவர்களுடைய இணையதளத்தில் பயிற்சியாளர்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறதாம். என்னையும் அதில் போட விரும்புகிறார்களாம். தமிழ்நாடு முழுக்க உள்ள கம்பெனிகள் அதைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடும். திங்கட்கிழமை மதியத்துக்குள் நல்ல படமாக ஒன்று அனுப்பவேண்டும், இல்லையென்றால் இந்த முறை அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றார்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் ஆகாது. ‘பர்சனல் பிராண்டிங்’ படம் வேண்டும். தன்னம்பிக்கையோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல இருந்தால் விசேஷம்.

எனக்கு அந்தப் பக்கம் வேண்டும். பணத்துக்காக என்று சொல்லமாட்டேன். அடுத்த கல்யாண வீட்டில் எவராவது ‘சும்மா’ என்று ஆரம்பிக்கும்போது, போனை எடுத்துக் காட்ட எனக்கு ஒரு பக்கம் வேண்டும். அவ்வளவு அற்பமான ஆசைதான், ஆனால் அதை நினைத்து ராத்திரி தூக்கம் வராத அளவுக்கு ஆசை.

படம் எடுக்க ஒரு பெண்ணைப் பிடித்தேன். முப்பது வயதிருக்கும். கைக்குழந்தைகளைக் கூடையில் படுக்கவைத்து எடுப்பதில் பேர்போனவள். பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. போனில் அவள் கேட்ட முதல் கேள்வி, “உங்க ஆபீஸ் எங்கக்கா?” என்பது. பிராண்டிங் படமென்றால் வேலை செய்கிற இடத்தில் எடுப்பதுதான் முறையாம். எனக்கு ஆபீஸ் இல்லை, வீட்டிலிருந்துதான் வேலை என்றேன். “வீட்ல எங்கக்கா?” என்றாள். அங்கங்கே என்றேன். அப்படியென்றால் பீளமேட்டில் ஒரு காபி ஷாப் இருக்கிறது, செங்கல் சுவர், தொங்குகிற பல்பு, ஐ.டி. ஆட்கள் பாதிப்பேர் அங்கேதான் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு படம் எடுத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிடுங்கள் என்றாள். சரி என்றேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கவேண்டும். என் சனி, குடும்ப வாட்ஸப் குழுவில் ‘போட்டோ எடுக்க நல்ல இடம் வேறு ஏதாவது தெரியுமா?’ என்று ஒரு வரி போட்டேன்.

நம் பக்கத்தில் அப்படி ஒரு கேள்வியே கேட்கக்கூடாது. ‘இடம் தெரியுமா’ என்று கேட்டால், ‘ஏன், எங்க இடம் ஆகாதா’ என்று அர்த்தமாகிவிடும். ஐந்தே நிமிஷத்தில் சத்தியமங்கலத்திலிருந்து என் சித்தப்பா கூப்பிட்டார். வாழைத்தோட்டம் இருக்கும்போது காசு கொடுத்துக் கடையில் போய் எவளாவது படம் எடுப்பாளா என்றார். அவர் வைப்பதற்குள் தாராபுரத்திலிருந்து என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, கூப்பிட்டுவிட்டார். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விசேஷம் எதுவும் இல்லை, மேடை சும்மாதான் கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள் என்றார்.

இருவரிடமும் நான் வேண்டாம் என்று சொன்னேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் நம் ஊரில் முதல் ‘வேண்டாங்க’வை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது, வெட்கத்துக்குச் சொல்வது. பந்தியில்கூட இலையின்மேல் இரண்டு கையையும் கவிழ்த்துக் குனிந்து மறைத்தால்தான் சோறு போடுகிறவர் நகர்வார். போனில் எதைக் கவிழ்ப்பது? மூன்றாவது தடவை அவர்கள் வற்புறுத்தியபோது, சித்தப்பாவிடம் “ஆகட்டுங்க சித்தப்பா” என்றேன், நாத்தனாரிடம் “சரிங்க அண்ணி” என்றேன். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. சத்தி வடக்கே, தாராபுரம் தெற்கே, காபி ஷாப் என் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.

சனிக்கிழமை காலையில் என் ஸ்லைடுகளையே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாவது ஸ்லைடு: நன்றி சொல், மறுத்துச் சொல், நிறுத்து. சித்தப்பாவைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். நன்றி என்ற சொல்லை எங்கள் குடும்பத்தில் எவரும் எவருக்கும் சொன்னதில்லை என்பதால் அவர் நெகிழ்ந்துபோனார். நாலு ஆளை விட்டுத் தோட்டத்துச் சருகையெல்லாம் வாரிவிட்டதாகவும், டிராக்டரைக் கழுவிவிட்டதாகவும், நாட்டுக்கோழிக்குச் சொல்லிவிட்டதாகவும் தழுதழுத்தார். நான் மறுத்துச் சொல்லவேண்டிய இடத்தில், “காரம் கம்மியா வைக்கச் சொல்லுங்க” என்றேன். அடுத்து அண்ணியைக் கூப்பிட்டேன். மேடை விளக்கெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, நீ வரும்போது உன் பட்டுச்சேலையை மறக்காதே என்றார். அதற்கும் சரி என்றேன்.

மிச்சமிருந்தது போட்டோக்காரப் பெண். நான் காசு கொடுத்து அமர்த்திய ஆள். அவளிடம் கூடக் காபி ஷாப் வேண்டாம் என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அங்கே ஏசி ரிப்பேராம் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். நாற்பது ஸ்லைடுக்காரி.

ஞாயிறு விடிகாலையில் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். பின்சீட்டில் கேமரா பையோடு அந்தப் பெண். இரண்டு ஊருக்கும் போகிறோம் என்ற விஷயத்தை அன்னூர் தாண்டித்தான் அவளிடம் சொன்னேன். “அக்கா, நீங்க என்ன சொல்லிக் குடுக்கறீங்கன்னு சொன்னீங்க?” என்று கேட்டாள். வீட்டுக்காரருக்கு இருமல் வந்துவிட்டது.

வாழைத்தோட்டம் அழகாகத்தான் இருந்தது. இளவெயில், பச்சை, பனி. எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அந்தப் பெண் என்னை வரப்பில் நிறுத்தி, சென்னைக்காரர்கள் கேட்டபடி கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். கட்டினேன். சித்தப்பா ஓடிவந்தார்.

“ஏம்மணி கையக் கட்டிட்டு நிக்கற? எவங்கிட்ட என்ன தப்புப் பண்ணிப்போட்ட?”

தன்னம்பிக்கைக்கு அப்படித்தான் நிற்கவேண்டுமாம் என்று விளக்கினேன். கையைக் கட்டிக்கொண்டு பண்ணையத்துக்காரர் முன்னால் நின்ற காலமெல்லாம் மலையேறிவிட்டது, எங்கள் வீட்டுப் பெண் அப்படி நிற்கக்கூடாது என்று அவர் ஒரே பிடியாக நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் கையைத் தொங்கவிட்டேன். தொங்கவிட்ட கை சும்மா இருப்பானேன் என்று, தோட்டத்திலேயே பெரிய தாருக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தி, அதைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார். போட்டோ என்றால் பின்னால் விளைச்சல் தெரியவேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு டிராக்டர். டிராக்டருக்கு மாலை போட்டிருந்தது, எனக்குப் போடவில்லை. ஒன்பது மணிக்கு இட்லியும் கோழிக்குழம்பும். காரம் கம்மியாக இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழிய எடுத்த படங்கள்தான் அன்று காலையில் கொஞ்சம் உணர்ச்சியாக வந்தவை என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள்.

அங்கிருந்து தாராபுரம். வண்டிக்குள் வயிறு நிறைந்தவர்களின் மௌனம் பாதி, கோபம் பாதி. கோபம் எனக்கு என்மேல்தான். காங்கேயம் தாண்டும்போது, இந்தப் படம் தேறாவிட்டால் அந்த இணையப் பக்கம் கைவிட்டுப் போய்விடும், அடுத்த விசேஷத்திலும் நான் சும்மா இருக்கிறவள்தான் என்று நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது. குழம்புக் காரம் என்று சமாளித்தேன்.

மண்டபத்து வாசலில் அண்ணியின் வீட்டுக்காரர் கைகூப்பி வரவேற்கிற பெரிய போர்டு உண்டு. அவருக்குப் பஞ்சு வியாபாரம். மண்டபத்துக்குள் அவர் வருவது ஆடிக்கொரு முறை, அமாவாசைக்கொரு முறை. பன்னிரண்டு வருஷமாக அதை நடத்துகிறவர் அண்ணிதான். முகூர்த்த தேதி, சமையல்காரர், ஜெனரேட்டர், தொட்டித் தண்ணீர் எல்லாம் அவர் கையில். ஆனால் போர்டில் அவர் கிடையாது. இதையெல்லாம் நான் அன்றுதான் யோசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மேடையில் இரண்டு பக்கமும் சிமெண்ட் மயில். நடுவில் சிவப்பு வெல்வெட் போட்ட ராஜா நாற்காலி ஒன்றும் ராணி நாற்காலி ஒன்றும். என்னை ராணி நாற்காலியில் உட்காரவைத்து, பட்டுச்சேலை மடிப்பை அண்ணியே சரிசெய்தார். வண்ண வண்ண விளக்குகள் எரிந்தன. “நல்லா கும்பிட்டாப்பல இரு அம்மணி” என்றார். கும்பிட்டேன். அந்தப் பெண் கேமராவை ஒரு தடவை கீழே இறக்கி, மறுபடி தூக்கினாள். சீமந்தத்துக்கு உட்கார்ந்திருக்கிற நாற்பத்தாறு வயதுக்காரி மாதிரி இருக்கிறது என்று என் காதில் சொன்னாள். அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்து, காபி குடிக்க மண்டபத்து ஆபீஸ் அறைக்குப் போனோம். சின்ன அறைதான். வெள்ளைச் சுவர், ஒரு பழைய மேசை, மேசைமேல் தேதி குறிக்கிற நோட்டு, ஒரு கொத்துச் சாவி. மேற்குப் பார்த்த சன்னலிலிருந்து சாயங்கால வெளிச்சம் நேராக ஒரு மரநாற்காலியின்மேல் விழுந்துகொண்டிருந்தது. வாசலிலேயே அந்தப் பெண் நின்றுவிட்டாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது. இதுதான் இடம், இங்கேதான் எடுக்கவேண்டும், சேலையை மாற்றிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்காருங்கள் என்றாள். எனக்கும் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்தால் எவளும் ‘முடியாது’ என்று சொல்லக்கூடியவளாகத்தான் தெரிவாள். நான் நாற்காலியை இழுக்கக் கையை நீட்டினேன்.

“அந்தச் சேர் வேண்டாம் அம்மணி,” என்றார் அண்ணி. “அதுல நான் மட்டுந்தான் உக்காருவேன்.”

நான் காத்திருந்தேன். அடுத்து ஒரு காரணம் வரும் என்று நினைத்தேன். கால் ஆடும், ஆணி பிடுங்கும், இப்படி ஏதாவது. வரவில்லை. அண்ணி முகத்தில் கோபமும் இல்லை, சங்கடமும் இல்லை. எப்போதும்போலச் சிரித்த முகம்தான். “சக்கரை எவ்வளவு?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

மண்டபம் முழுக்க எடுத்துக்கொள் என்று கூப்பிட்டவர், ஒரு மரநாற்காலியைத் தர மாட்டேன் என்கிறாரே என்று முதலில் எனக்குச் சுள்ளென்று வந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். ஆனால் காபி வந்து பாதி குடிப்பதற்குள், ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்கு உறைத்தது. கூரை இடிந்து விழவில்லை. உறவு முறியவில்லை. முதல் தடவையிலேயே, காரணம் இல்லாமல், மன்னிப்பு இல்லாமல் ஒரு மறுப்பு. நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுக்கிற அதே சரக்கு. அதை என்மேல் ஒருவர் பிரயோகித்து அன்றுதான் பார்க்கிறேன்.

தானே பேச்சை எடுத்து அண்ணி சொன்னார். மண்டபம் கட்டிய புதிதில், யாராவது தேதி கேட்டு வந்தால் அவர் எழுந்து நிற்பாராம், அவர் வீட்டுக்காரர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசுவாராம். வந்தவர்கள் கேட்பதற்கெல்லாம் அவருக்குப் பதில் தெரியாது. பின்னால் நின்றுகொண்டு இவர் எடுத்துக்கொடுக்கவேண்டும். ஒரு நாள், “நீங்க எந்திரிங்க, நான் பேசிக்கறேன்”னு சொல்லிப்போட்டாராம். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. இப்போது அவர் வந்தால் எதிரில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்காருவாராம். இதைச் சொல்லிவிட்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த மாதிரி, “என்னை ஒண்ணு எடுக்கறயா கண்ணு, இதுல?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அன்று எடுத்த நானூறு படங்களில் நல்ல படம் அது ஒன்றுதான். சாவிக்கொத்தின்மேல் ஒரு கை, நோட்டின்மேல் ஒரு கை. கேமராவை நேராகப் பார்க்கிறார். சிரிக்கக்கூட இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. நல்ல பொறாமை என்று பூசி மெழுக விரும்பவில்லை, சாதாரணப் பொறாமைதான். அண்ணிக்கு நாற்காலி இருக்கிறது. எனக்கு, வேறொருவர் உட்காரக்கூடாது என்று சொல்லிக்கொள்ள வீட்டில் ஒரு முக்காலிகூட இல்லை.

திரும்பி வரும் வழியில் அந்தப் பெண் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். வாழைத்தார், டிராக்டர், மயில். “ஒண்ணும் தேறலக்கா” என்றாள். நாளை மதியம்வரை நேரம் இருக்கிறது, வேறு இடம் சொல்லுங்கள் என்றாள். நான் வேலை செய்கிற இடம் எது என்று பல்லடம் வரைக்கும் யோசித்தேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை ஒன்று இருக்கிறது, நாலு நாற்காலி. மகன் விடுதியில் இருப்பதால் இப்போது நாங்கள் இருவர்தான். சன்னலோர நாற்காலியில்தான் எட்டு மாதமாக என் லேப்டாப். நாற்பது ஸ்லைடும் அங்கே உட்கார்ந்துதான் செய்தேன். ஆனால் மூன்று வேளையும் தட்டு வந்ததும், லேப்டாப்பையும் காகிதங்களையும் வாரிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிடுவேன். யாரும் எழுந்திரு என்று சொன்னதில்லை. நானாகத்தான் எழுந்திருக்கிறேன். அதை நினைக்கும்போதுதான் கூடுதலாக எரிச்சல் வந்தது.

“காலைல ஏழு மணிக்கு என்ற ஊட்டுக்கு வா,” என்றேன் அவளிடம்.

திங்கட்கிழமை காலை அவள் வந்து திரையை விலக்கி, வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாதாரணப் பருத்திச் சேலையில், காகிதங்கள் பரப்பியபடி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வழக்கம்போலத் தோசைத் தட்டோடு வந்து எதிர் நாற்காலியை இழுத்தார். இந்த மேசை இப்போது எனக்கு வேண்டும், சோபாவில் சாப்பிடுங்கள் என்றேன். ரெண்டே நிமிஷம், ரெண்டு தோசைதான் என்றார். நியாயமான கோரிக்கை. பத்தொன்பது வருஷ எச்.ஆர். புத்தி உடனே எழுந்து வழிவிடப் பார்த்தது. தொடையை மேசைக்கடியில் அழுத்திக்கொண்டு, “இல்லீங்க” என்றேன். அவர் தட்டோடு அப்படியே நின்றார். பிறகு, சட்னியையாவது எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

படம் பதினொரு மணிக்குச் சென்னைக்குப் போனது. அந்த வாரமே இணையப் பக்கத்தில் ஏறியது. உங்கள் ஆபீஸ் நன்றாக இருக்கிறது மேடம் என்று அங்கிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். நான் மறுக்கவில்லை. அன்று முதல் லேப்டாப்பை அங்கிருந்து எடுக்கவும் இல்லை. மேசையின் மறுபாதியில் அவர் சாப்பிடுகிறார், நானும் சேர்ந்து சாப்பிடுகிறேன், ஆனால் சன்னலோரத்தில் தட்டு ஏறுவதில்லை.

இரண்டு வாரம் கழித்து அண்ணி கோயம்புத்தூருக்கு வந்தார். அவருடைய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கிப்போக வந்தது. மண்டபத்து வாசலில் புது போர்டு வைக்கப்போகிறாராம். வந்த களைப்பில் நேராகப் போய், சன்னலோர நாற்காலியைப் பிடித்து இழுத்தார். இவர் எங்கள் குடும்பத்தின் மூத்த பெண். எங்கள் கல்யாணத்தில் எனக்குப் பூ முடித்தவர்.

“அண்ணி, அது என்ற சேருங்க,” என்றேன். “நீங்க இதுல உக்காருங்க.”

அண்ணி என்னைப் பார்த்தார். நாற்காலியை விடவில்லை.

“சன்னலோரம் காத்து வருமேன்னு பாத்தேன் அம்மணி. வேர்க்குது.”

“ஃபேனைப் போடறேனுங்க அண்ணி,” என்றேன். போய் ஃபேனைப் போட்டேன். திரும்பி வந்தபோது அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.